பேரிக்காய் வைத்த இறைச்சி உருண்டை

மண்டபம்
18.3.1962

சண்முகவடிவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். ஒரு மாதமாகக் கடிதம் இல்லை என்றதும் நீ என்னென்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாளே துறையூரிலிருந்து கிளம்பியிருக்க வேண்டியவன். காய்ச்சலில் விழுந்தேன். டைபாய்டு என்றார்கள். இருபத்தாறு நாள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் திரும்பி வருவதற்குக் கொடுத்த சீட்டில் பெப்ரவரி 28 வரைக்கும்தான் தேதி. நான் தட்டுத்தடுமாறி மண்டபம் வந்து சேர்ந்தது மார்ச் பதினாலு. இங்கே கேம்ப் ஆபீசர் சீட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், தேதி முடிந்துவிட்டது, கப்பல் ஏற முடியாது என்றார். பிறந்து வளர்ந்ததெல்லாம் இலங்கையில் நோர்வூட், பெண்டாட்டி பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள் என்று சொன்னேன். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றார்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. நம் தோட்டத்துத் துரை கொழும்பு ஆபீசுக்குக் கடிதம் எழுத வேண்டும். சிவசாமி என் பங்களாவில் பதினாறு வருஷமாகச் சமையல்காரர், அவர் இல்லாமல் முடியாது, அந்த வேலைக்கு இங்கே வேறு ஆள் கிடையாது என்று எழுதினால் மறுபடி சீட்டு கொடுப்பார்களாம்.

அதற்குள் துரை வேறு ஆளை வைத்துவிட்டால் கடிதமும் இல்லை, நாம் இருக்கும் குசினி அறையும் இல்லை. ஆகவே நான் வரும் வரைக்கும் நீ குசினிக்குள் போ. சிரிக்காதே. கல்யாணமான பன்னிரண்டு வருஷமாக உனக்குச் சமைக்கத் தெரியாது என்று சொன்ன அதே வாயால்தான் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முதல் நாள் பங்களாவில் பெரிய விருந்து. துரைசாணி தன் அம்மா செய்கிற பழ உருண்டையைக் கேட்பாள். அது சரியாக வந்தால் மற்றது எப்படி இருந்தாலும் கண்டுகொள்ள மாட்டாள். எழுதிக்கொள்.

கொழுப்போடு இரண்டு இறாத்தல் மாட்டிறைச்சி, இரண்டு தரம் அரைக்க வேண்டும். பழைய பாண் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்து சேர். ஒரு முட்டை. வெங்காயத்தை வதக்கி நன்றாக ஆறவிட்டுப் போடு. மிளகு, உப்பு, கொஞ்சம் சாதிக்காய். எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி நடுவில் டின்னில் வருகிற உலர்ந்த பிளம்ஸ் பழம் ஒன்றை வைத்து மூடு. போறணை அடுப்புக்குள் கையை நீட்டி எண்ணு. பதினைந்து எண்ணும்போது கை தாங்காவிட்டால் சூடு சரி. பத்திலேயே கையை இழுத்தால் விறகைக் குறை. பாதி வெந்ததும் தட்டில் ஊறிய சாற்றை எடுத்து மேலே ஊற்று.

பிள்ளைகள் என்னைக் கேட்டால் வருகிறேன் என்று சொல்.

சிவசாமி

*

பனிக்கல் தோட்டம், நோர்வூட்
30.3.1962

நாகலெட்சுமி அப்பாவுக்குச் சண்முகவடிவு எழுதுவது.

உங்கள் கடிதத்தைத் தபால்கார அழகன் கொண்டுவந்தான். தபால் பையையும் இறைச்சிப் பெட்டியையும் அவன் ஒருவன்தானே சுமக்கிறான். உறையின் மூலையில் இரத்தம் ஊறியிருந்தது. உங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே பிரித்தேன். காய்ச்சலில் படுத்தவர் யாரிடமாவது சொல்லி இரண்டு வரி எழுதச் சொல்லியிருக்கக் கூடாதா? சின்னவள் மீனம்மா தினமும் அழகனின் பெட்டியைப் பார்த்து, "அப்பா அதுக்குள்ளயா இருக்காங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

குசினிக்குள் போய்விட்டேன். வேறு என்ன செய்ய? காலையில் இறைச்சியைத் தொட்டு அரைக்கிறேன், முடிந்ததும் பீலித் தண்ணீரில் தலைக்குக் குளிக்கிறேன், பிறகுதான் பிள்ளைகளுக்கு உலை வைக்கிறேன். இந்தக் குளிரில் ஒரு நாளைக்கு இரண்டு முறை. நீங்கள் இதையெல்லாம் பதினாறு வருஷம் எப்படிச் செய்தீர்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

நீங்கள் எழுதிய பிளம்ஸ் டின் ஹட்டனில் எந்தக் கடையிலும் இல்லை. இறக்குமதியை நிறுத்திவிட்டார்களாம். பழம் இல்லாமல் பழ உருண்டை எப்படி என்று யோசித்து அன்னாசியை நறுக்கிக் கலந்தேன். வேலை மிச்சமாகட்டும் என்று காலையிலேயே கலந்து வைத்துவிட்டேன். மத்தியானம் மூடியைத் திறந்தால் இறைச்சி கூழாகிக் கிடக்கிறது. உருட்டினால் உருளவில்லை. அப்படியே தட்டில் ஊற்றிப் போறணையில் வைத்தேன், ஏதாவது ஆகும் என்று. ஒன்றும் ஆகவில்லை. நாய்களுக்குப் போட்டார்கள், நாய்கள் தின்றன.

துரைசாணி குசினி வாசலில் நின்று, "இன்னொரு தரம் இது மாதிரி வந்தா கண்டியில இருந்து ஆள் கூப்பிடறது" என்றாள். துரையிடம் உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். விருந்து முடியட்டும், பார்க்கலாம் என்றார். ஆகையால் எல்லாம் அந்த உருண்டையில் வந்து நிற்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.

சண்முகவடிவு

*

மண்டபம்
9.4.1962

சண்முகவடிவுக்கு,

அன்னாசியைப் பச்சையாக இறைச்சியில் கலந்து மணிக்கணக்கில் வைத்தால் அது இறைச்சியைத் தின்றுவிடும். இதுகூடத் தெரியாதவளை நம்பி நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தில் எழுதிவிட்டேன், வரியை அடித்துவிட மனம் வரவில்லை, இருக்கட்டும்.

பங்களாத் தோட்டத்தில் பேரிக்காய் மரம் இருக்கிறதே, அதைப் பார். கல் மாதிரி இருக்கும், இறைச்சியைக் கூழாக்காது. ஆனால் தண்ணீர் விடும். அதற்கு என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது, நான் செய்ததில்லை. நீதான் செய்து பார்க்க வேண்டும்.

நான் இங்கே ஒரு காப்பிக் கடையில் மாவாட்டுகிறேன். இரண்டு வேளை சாப்பாடு, தின்பண்ட மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்க இடம். கப்பலுக்குப் போகிற ரயில் தினமும் கடை எதிரே நின்று போகிறது. அது போகிற நேரத்தில் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். உப்புச் சரியா என்று எப்படிப் பார்க்கிறாய்? வாசனையில் பார்க்கிறேன் என்று நான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். வாசனையில் உப்புத் தெரியாது. ஒரு துணுக்கை வதக்கி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவேன். பதினாறு வருஷமாக அப்படித்தான். வீட்டுக்கு வந்து உன் பானையைத் தொட்டிருக்கிறேன், கோயிலில் பூசைத் தட்டை வாங்கியிருக்கிறேன். நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். ஆனால் விருந்தன்று உப்பு அதிகமானால் எல்லாம் போச்சு. நீ செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எப்படிச் செய்தேன் என்று சொன்னேன், அவ்வளவுதான்.

சிவசாமி

*

பனிக்கல் தோட்டம்
26.4.1962

நாகலெட்சுமி அப்பாவுக்கு,

நல்ல சேதி, அதனால் என் கோபத்தைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

பேரிக்காயைச் சீவிப் போட்டேன், நீங்கள் சொன்ன மாதிரியே தண்ணீர் விட்டு உருண்டை பிளந்தது. மறுநாள் துணியில் கட்டிப் பிழிந்தேன், சக்கையாக இருந்தது. மூன்றாவது நாள் துண்டு துண்டாக நறுக்கி, அணைந்த போறணையின் மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டேன். காலையில் சுருங்கி, தோல் மாதிரி வளைந்து, கடித்தால் இனிப்பாக இருந்தது. அது மட்டும் போதாது, புளிப்பு வேண்டும் என்று தோன்றியது. மரத்தக்காளியை அவித்துத் தோலுரித்து, கொஞ்சம் கித்துள் வெல்லமும் இஞ்சியும் போட்டுக் குழம்பாக்கினேன். உருண்டைக்குள்ளே பேரிக்காய், மேலே அந்தக் குழம்பு. கையை நீட்டிப் பதினைந்து எண்ணினேன்.

உப்பும் பார்த்தேன். போறணை வாசலில் உட்கார்ந்து அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நாக்கில் வைத்தேன். துப்பத்தான் நினைத்தேன். பக்கத்தில் துரைசாணி வந்து நின்றாள், துப்ப வெட்கமாக இருந்தது, விழுங்கிவிட்டேன். இந்த வருஷம் திருவிழாவில் நான் பால்குடம் எடுக்கவில்லை. உங்கள் அக்கா வேலாயி மதினி ஏன் என்று கேட்டதற்கு, வீட்டு விலக்கு என்று பொய் சொன்னேன். அவர்களுக்குத் தெரிந்தால் என்னை லயத்து வீட்டுப் பக்கமே சேர்க்க மாட்டார்கள். நீங்கள் பதினாறு வருஷம் சொல்லாமல் வைத்திருந்தது இப்போது எனக்குப் புரிகிறது. மன்னித்துவிட்டேன் என்று எழுதவில்லை, புரிகிறது என்றுதான் எழுதுகிறேன்.

விருந்தில் ஒரு உருண்டை மிஞ்சவில்லை. துரை என்னைச் சாப்பாட்டு அறைக்கே கூப்பிட்டார். நான் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பதினொரு வெள்ளைக்காரர்கள் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். அந்த நேரத்தை விடக் கூடாது என்று, "தொரை, அந்தக் கடிதம்" என்றேன். மறுநாளே இங்கிலீஷில் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அழகனிடம் கொடுக்க மனமில்லாமல் நானே நோர்வூட் தபால் கந்தோருக்கு நடந்து போய் ரிஜிஸ்டர் பண்ணினேன். போகும் வழியில் கோயில் வாசலில் ஒரு நிமிஷம் வைத்து எடுத்தேன். நாகலெட்சுமி உங்கள் வேட்டி இரண்டையும் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள்.

இனிமேல் யாரும் எனக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது, நீங்கள்கூட.

சண்முகவடிவு

*

மண்டபம்
14.5.1962

சண்முகவடிவுக்கு,

துரை எழுதிய கடிதம் கொழும்பு போய் இங்கே வந்தது. ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

சிவசாமி பதினாறு வருஷம் நாணயமாக வேலை செய்தார் என்று இருக்கிறது. நல்ல மனிதர் என்று இருக்கிறது. அதற்குக் கீழே, அவர் இடத்தில் இப்போது அவருடைய மனைவி மிகத் திறமையாகச் சமைக்கிறார், அவரை விட ஒரு படி மேல் என்றே சொல்லலாம், ஆகவே பங்களாவுக்கு எந்தக் குறையும் இல்லை என்று இருக்கிறது. துரை உன்னைப் புகழ்ந்திருக்கிறார். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஆபீசர் கடிதத்தை மடித்தார். "ஒங்க வேலையத்தான் ஒங்க சம்சாரம் பாக்குறாங்களே, அப்புறம் நீங்க எதுக்குய்யா?" என்றார்.

கோயில் வாசலில் வைத்து எடுத்தாயாமே. அதை நீ எழுதியதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

காலில் விழுந்து கேட்டதில் ஜூலை முடிய ஒரு தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் துரை வேறு மாதிரி எழுத வேண்டும், குசினியில் ஆள் இல்லை, சிவசாமி வந்தால்தான் ஆகும் என்று. இல்லாவிட்டால் பைலை மூடிவிடுவார்கள். அப்புறம் நான் இந்தக் கரைதான், நீங்கள் அந்தக் கரைதான்.

ஆகையால் கெடுத்துவிடு. உப்பை அள்ளிப் போடு. போறணையில் கருகவிடு. அன்னாசியைக் கலந்து வை. துரைசாணி வாய் கசந்து என்னைத் தேட வேண்டும். இவ்வளவு நன்றாகச் செய்யச் சொல்லி யார் உன்னைக் கேட்டார்கள்? என் இடத்தைக் காப்பாற்றச் சொன்னால் நீ அதில் உட்கார்ந்துவிட்டாய்.

சிவசாமி

*

பனிக்கல் தோட்டம்
26.5.1962

நாகலெட்சுமி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அடுப்பில் போட்டேன், பிறகு பதறிக் கையை விட்டு எடுத்தேன். உட்கார்ந்துவிட்டேனாமே. எதில் உட்கார்ந்தேன்? விடியலில் விறகு, பிறகு இறைச்சி, பிறகு பீலித் தண்ணீர், பிறகு பிள்ளைகள், மறுபடி விறகு. ஒரு வாய் மாட்டிறைச்சியை விழுங்கிவிட்டு அம்மன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரிகிறேன். இது எல்லாம் யாருக்காக என்று அந்த ஆபீசருக்குத் தெரியாது, உங்களுக்குமா தெரியாது?

திட்டிவிட்டேன். இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்னபடி போன ஞாயிற்றுக்கிழமை கெடுத்தேன். அளவு பார்த்த கையாலேயே இரண்டு பிடி உப்பை அதிகமாகப் போட்டேன். போடும்போது அழுகை வந்தது, ஏன் என்று எனக்கே தெரியவில்லை. துரை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். துரைசாணி குசினிக்கு வந்தாள். இன்றைக்குத் தொலைந்தோம் என்று நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புருஷன் நினைப்பு வருது, இல்லையா? போ, ரெண்டு நாள் படுத்துக்க. ஒன்ன நான் அனுப்ப மாட்டேன்" என்றாள். என் தோளில் வேறு கை வைத்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அதற்கு மேல் மறைக்க முடியாமல் துரையிடமே போய், முதல் கடிதத்தில் எழுதியதை மாற்றி எழுதுங்கள் என்று காலைப் பிடித்தேன். அவருக்கு மனம் கஷ்டமாகிவிட்டது, இது இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்றார். ஆனால், குசினியில் நீ நிற்கும்போது ஆள் இல்லை என்று நான் பொய் எழுத முடியாது என்றார். எவ்வளவு கெஞ்சியும் அதே பேச்சு.

என்ன செய்வது என்று தெரியவில்லை. நன்றாகச் செய்தாலும் நீங்கள் வர முடியாது, கெடுத்தாலும் வர முடியாது.

சண்முகவடிவு

*

மண்டபம்
7.6.1962

வடிவு,

நான் எழுதியதெல்லாம் தப்பு. மாவாட்டுகிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது, அதில் மனுஷ புத்தி இல்லை. குசினியை விட்டுவிடாதே. அறை போய்விட்டால் பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே நிற்பாய்? என்னை விட்டுவிடு, அதை விடாதே.

இங்கே ஒருத்தன் தோணி இருக்கிறது என்கிறான். மன்னார்ப் பக்கம் ஆள் இல்லாத இடத்தில் இறக்கிவிடுவானாம். அங்கிருந்து காட்டு வழி. போன மாதம் போன ஒன்பது பேரில் ஆறு பேரைப் பிடித்துவிட்டார்களாம், ஒருவரைப் பற்றித் தகவலே இல்லை. மிச்சம் இரண்டு பேர் வீட்டுக்குப் போயிருக்கிறார்களே என்றுதான் என் புத்தி கணக்குப் போடுகிறது. ஜூலை முடிந்தால் நான் ஏறிவிடுவேன். நீந்தத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். கொத்மலை ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நான் கத்தியதை நீ இன்னமும் சொல்லிச் சிரிப்பாய்.

நீ செய்த பேரிக்காய் உருண்டை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நான் செய்ததை விட நன்றாகத்தான் இருக்கும். மரத்தக்காளி எனக்குத் தோன்றியிருக்காது.

சிவசாமி

*

பனிக்கல் தோட்டம், பத்தாம் நம்பர் லயம்
22.6.1962

நாகலெட்சுமி அப்பாவுக்கு,

மேலே விலாசத்தைப் பார்த்திருப்பீர்கள். தோணியில் ஏறாதீர்கள். இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்து முடிக்கும் வரைக்குமாவது ஏறாதீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே குசினிச் சாவியைத் துரைசாணி கையில் கொடுத்துவிட்டேன். நாளையிலிருந்து நான் சமைக்க மாட்டேன் என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது, அப்படியானால் அறையையும் காலி பண்ண வேண்டும் என்றாள். பண்ணிவிட்டேன். வேலாயி மதினியின் ஒற்றை அறைக் காம்பராவில் அவர்கள் ஐந்து பேர், நாங்கள் மூன்று பேர். நான் இறைச்சி விழுங்கியதை மதினியிடம் சொல்லிவிட்டேன், மறைத்துக்கொண்டு ஒரே அடுப்பில் பொங்க முடியாது. மதினி அன்றைக்கு என் தட்டைத் தனியே எடுத்து வைத்தார்கள். மறுநாள் காலையில் என் தட்டில் சோற்றைப் போட்டு, "என் தம்பிக்காகத்தானேடி" என்றார்கள்.

கங்காணியைப் பிடித்துப் பெயர் பதிந்தாயிற்று. விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நிற்கிறேன். தேயிலைக் கொழுந்து எடுத்து எனக்குப் பழக்கம் விட்டுப்போனதால் விரல் எல்லாம் வெடித்திருக்கிறது, எழுத்துக் கோணலாக இருந்தால் அதனால்தான். அட்டை கடிக்கிறது. நாகலெட்சுமி பள்ளிக்கூடம் முடிந்து தங்கையைப் பார்த்துக்கொள்கிறாள். பங்களாவில் ஒரு வாரமாக அவித்த முட்டையும் பாணும்தான் என்று அழகன் சொன்னான். கண்டியிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்தார்களாம். பழ உருண்டை கேட்டதற்கு அவன் டின் பழம் எங்கே என்றானாம், இரண்டாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஆள் அனுப்பி என்னிடம் செய்முறை கேட்டார்கள். கொழுந்துக் கூடையை இறக்காமலே, எனக்குத் தெரியாது, என் புருஷனைக் கேளுங்கள் என்றேன். ஆகஸ்டில் துரைசாணியின் அம்மா சீமையிலிருந்து வருகிறாராம்.

முந்தாநாள் துரை மலைக்கே வந்தார். நிரையில் நின்ற என்னைக் கூப்பிட்டு, இப்போது நான் எழுதினால் பொய் இல்லை, ஆனால் ஆகஸ்ட் வரைக்கும்தான் காத்திருப்பேன், அதற்குள் அவன் வராவிட்டால் யாரையாவது வைத்துவிடுவேன் என்றார். கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை நான் கோயில் வாசலுக்குப் போகவில்லை. பள்ளிக்கூட மாஸ்டர் வீட்டுக்குப் போய், தபாலில் போடும் முன்னால் எனக்குத் தமிழில் இரண்டு தரம் படித்துக் காட்டச் சொன்னேன். குசினியில் ஆள் இல்லை, சிவசாமி வந்தே ஆக வேண்டும் என்று இருக்கிறது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் பழைய கடிதமும் அந்தப் பைலில்தான் இருக்கும். ஆபீசர் உங்களைக் கூப்பிட்டு, உங்கள் சம்சாரம் உங்களை விட நன்றாகச் சமைப்பதாகத் துரை எழுதியிருக்கிறாரே, அவளையே மறுபடி வைத்துக்கொள்ளலாமே என்று கட்டாயம் கேட்பார். அதற்கு நீங்கள் தடுமாறி நின்றால் நான் குசினியை விட்டதும் அறையை விட்டதும் வீண். துரை விருந்து மயக்கத்தில் எழுதிவிட்டார், அவளுக்கு உப்புக்கூடப் போடத் தெரியாது, அன்னாசியை வைத்து இறைச்சியைக் கூழாக்கியவள் என்று சொல்லுங்கள். துரை தட்டைத் தள்ளியதையும் சொல்லுங்கள், அது நடந்ததுதான்.

பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிப் பழகிய வார்த்தை, நாக்குக் கூசாது. என்னை நினைத்து நிறுத்திவிடாதீர்கள். எனக்குச் சமைக்கத் தெரியாது என்று அவர் நம்பும்படியாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சேருங்கள்.

சண்முகவடிவு